போர்வை தின்ற காற்று

அந்த வீட்டில் காற்று வந்தால் கரண்ட் போய்விடும். இடியும் மழையும் கூடவே வரவேண்டும் என்ற அவசியமில்லை, வெறும் காற்றே போதும். ஊருக்குள்ளிருந்து வரும் மின்கம்பி தைலமரக் காட்டுக்குள் புகுந்து வருகிறது. கிளை உரசித் தீப்பிடித்துத் தொலைத்தால் யார் பதில் சொல்வது என்று, மர உச்சி தலையாட்டத் தொடங்கியதுமே லைன் ஆபீசில் சுவிட்சை இறக்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் காற்றுக்காலம் என்பது வருஷத்தில் முழுசாக நாலு மாசம்.

மற்ற வீடுகளில் கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், டிவி நிற்கும், நாலு வசவு கிளம்பும், அவ்வளவுதான். இந்த வீட்டில் மில்லுக்காரரின் ஆக்சிஜன் மெஷின் நிற்கும். கல் அரைக்கிற மில்லில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். அவர் கல்லை அரைத்த கணக்குக்குக் கல்லும் அவர் நெஞ்சை அரைத்துவிட்டிருந்தது. ரெண்டு வருஷமாக, படுக்கையறை மூலையில் உட்கார்ந்து உர்ரென்று உறுமிக்கொண்டிருக்கும் அந்த மெஷினோடுதான் அவர் குடித்தனம். அதிலிருந்து புறப்பட்டு மூக்குவரை வரும் குழாயின் நீளம் பதினைந்து மீட்டர். அந்தப் பதினைந்து மீட்டருக்குள்தான் அவருக்கு உலகம். கட்டில், சாப்பாட்டு மேஜை, வராந்தா, வராந்தாவைத் தாண்டி முற்றத்தில் நாலு எட்டு. அதற்குமேல் போனால் குழாய் இழுக்கும்.

பார்க்க வருகிறவர்கள் அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். அவரே முந்திக்கொண்டு சமாதானம் சொல்வார்.

"மூக்கணாங்கயிறு கல்யாணத்தன்னிக்கே போட்டாச்சுங்க. இப்பதான் உங்க கண்ணுக்குத் தெரியுது."

கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பதாகச் சொல்லப்பட்ட மனைவிக்கு இதைக் கேட்டுச் சிரிக்க நேரம் இருக்காது. அவள் வீட்டோடு லாண்டரி நடத்துகிறவள். ரெண்டு லாட்ஜ்களின் விரிப்பு, ஒரு ஆஸ்பத்திரியின் போர்வை, ஒரு ஹோட்டலின் மேஜைத்துணி, எல்லாம் வேனில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைக்கிற மெஷின் ரெண்டு, பிழிகிற மெஷின் ஒன்று, இஸ்திரி உருளை ஒன்று. கரண்ட் இல்லாத நாளில் சிமெண்ட் தொட்டியும் அவளுடைய ரெண்டு கையும். முற்றத்தில் குறுக்காகப் பன்னிரண்டு கொடிகள் கட்டியிருந்தாள். ஆள் உயரத்தில் துணியைப் போட்டு, மூங்கில் கவைக்கோலால் முட்டுக்கொடுத்து மேலே தூக்கிவிட்டால் முற்றமே வெள்ளைச் சுவர்களாக மாறிவிடும். வீட்டை ஒட்டி ஓடும் பாதையில் போகிறவர்களுக்கு நடுவில் மனுஷர் இருப்பதே தெரியாது.

போன காற்றுக்காலத்தில் மூன்று தடவை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கைவசம் இருக்கும் சின்ன சிலிண்டர் ரெண்டு மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டரைப் போட்டால் அதன் புகை அவருக்கு ஆகாது. கூரையில் ஒரு சோலார் தகடு இருந்தது. காற்றுக்காலத்தில் வானம் மூடியே கிடப்பதால் அது விளக்கெரிக்கத்தான் ஆயிற்று. நாள் முழுக்கக் கரண்ட் வராவிட்டால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் சார்ஜ் ஏற வழியில்லை. மூன்றாவது தடவை சிலிண்டர் பாதி வழியில் தீர்ந்துபோனது. ஆட்டோவில் அவர் உதடு நீலம் பாய்ந்ததைப் பார்த்தவள் மகள். பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள், லேசில் பதறுகிறவள் அல்ல. அன்றைக்குப் பதறினாள்.

இந்த வருஷம் காற்று ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே போனில் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, நாலு மாசம் எங்க வீட்டுல இருங்க. அபார்ட்மெண்ட்ல ஜெனரேட்டர் கீழ எங்கயோ இருக்கு, புகை வராது. கரண்ட் போறதும் தெரியாது, வர்றதும் தெரியாது."

"உங்கம்மா?"

"அம்மா லாண்டரிய விட்டுட்டு வருவாங்களா? லாட்ஜ்காரன் ஒரு வாரம் காத்திருப்பான், நாலு மாசம் காத்திருப்பானா?"

கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அவளை விட்டு நாலு நாள் சேர்ந்தாற்போல இருந்ததில்லை. இதை மகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் மனைவிக்கு யார் துணை, ராத்திரி நாய் குரைத்தால் யார் எழுந்து பார்ப்பது என்று சுற்றி வளைத்தார். குழாயோடு எழுந்து போய் நாயை விரட்டுகிறவர் மாதிரி.

அப்போதுதான் காற்றாடி யோசனை வந்தது. காற்று வந்தால் கரண்ட் போகிறது, அந்தக் காற்றிலேயே கரண்ட் எடுத்தால் என்ன? மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் பெண்மணி இப்போது சின்னக் காற்றாலைகளும் வாங்கி விற்கிறாள் என்று கேள்வி. ஊரே அவளை மோட்டார் அக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிடப் பத்து வயது மூத்த மில்லுக்காரரும் அக்கா என்பார், அவள் இவரை அண்ணே என்பாள். இந்த முறை எந்த உறவுக் கணக்கிலும் அடங்காது.

மோட்டார் அக்கா படப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். எல்லாம் செங்குத்தாக நின்று சுற்றுகிற சின்ன மெஷின்கள். பெரிய காற்றாலை மாதிரி காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் சுற்றும். மில்லுக்காரர் ஏழாம் பக்கத்திலேயே மயங்கிவிட்டார். மூன்று இறக்கைகளைத் தலைமயிரை முறுக்குவதுபோல முறுக்கிவிட்ட, வெள்ளை வெளேரென்ற மெஷின். பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி அந்தப் பக்கத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்குவதற்கு, மூன்றாவது துவைக்கிற மெஷினுக்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று மனைவி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

போன் போட்டார்.

"அக்கா, ஏழாம் பக்கம்."

"அண்ணே, பக்கம் அப்புறம். முதல்ல உங்க வீட்டுல காத்து எவ்வளவு இருக்குன்னு தெரியணும். எல்லாரும் மெஷின வாங்கி வச்சிட்டு அப்புறம் காத்தத் தேடுறாங்க."

"காத்துக்கு என்னக்கா பஞ்சம்? கரண்ட் போய்ப் போய் வருதே."

"அது மரத்து உச்சியில அடிக்கிற காத்து. உங்க வீட்டுல அடிக்கிறது எவ்வளவுன்னு மெஷின்தான் சொல்லணும். ஒரு மீட்டர் குடுத்து விடறேன். ஒரு மாசம் தினமும் மூணு வேளை எழுதி வைங்க. சராசரி நொடிக்கு அஞ்சு மீட்டர் இருந்தா பேசலாம். வெட்டவெளியில, உசரமா கட்டுங்க."

மகளிடம் ஒரு மாசம் தவணை வாங்கினார். மகளும், "சரிப்பா, ஒரே மாசம்" என்றாள்.

மூன்று சின்னக் கிண்ணங்கள் சுற்றுகிற மீட்டர் வந்து சேர்ந்தது. உயரமாகக் கட்ட வேண்டும், அதே சமயம் எண் தெரிகிற தூரத்தில் அவர் போய் நிற்கவும் முடிய வேண்டும். பதினைந்து மீட்டர் குழாய் எங்கே போய் முடிகிறதோ அங்கிருந்து பார்த்தால் தெரிகிற ஒரே கம்பம், கொடிகளுக்கு நடுவில் நிற்கும் இரும்புக் கம்பம். வீட்டிலேயே உறுதியான கம்பமும் அதுதான். மனைவி ஸ்டூல் போட்டு ஏறி, துணிக் கயிற்றாலேயே இறுக்கிக் கட்டினாள்.

அன்றிலிருந்து மில்லுக்காரருக்கு ஒரு வேலை கிடைத்தது. காலையில் ஒரு தரம், சாப்பிட்டபின் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் குழாயை இழுத்துக்கொண்டு முற்றத்தில் நாலு எட்டு நடந்து, நின்று, மூச்சை அடக்கி, எண்ணைப் படித்துப் பழைய டைரியில் எழுதுவார். எண்ணோடு நிறுத்தாமல் பக்கத்திலேயே ஒரு வரி குசும்பும் எழுதுவார். 'காற்றார் இன்று உடல்நலக் குறைவால் வரவில்லை.' 'மேலே மரம் பேயாட்டம், கீழே கிண்ணம் தூங்குகிறது.' 'செவ்வாய்க்கிழமை, வந்தார், நன்றாக உழைத்தார்.' காற்றுக்காலம் தொடங்கிய அந்த மாசத்தில் கரண்ட் போனபோதெல்லாம் சின்ன சிலிண்டர் தீர்வதற்குள் திரும்பிவிட்டது. ஒரு மாசம் எழுதி, கூட்டிக் கழித்து வகுத்தபோது சராசரி ரெண்டரை வந்தது. மூன்று தரம் வகுத்தார். மூன்று தரமும் அதே ரெண்டரை.

போனில் எண்ணைக் கேட்டதும் மோட்டார் அக்கா அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.

"அண்ணே, வேண்டாம்."

"ஏழாம் பக்கம் வேண்டாம்னா வேற பக்கம் பாக்கறேன்."

"எந்தப் பக்கமும் வேண்டாம். ரெண்டரைக் காத்துல என்ன மெஷின் வச்சாலும் சும்மா சுத்தும், கரண்ட் வராது. உங்க காச வாங்கிக்கிட்டு ஒரு பொம்மைய நட்டுட்டு வர எனக்கு மனசில்ல. கோவிச்சுக்காதீங்க."

அவருக்குக் கோபமில்லை. அவள் ஒரு மெஷினைக் கொண்டு வந்து நட்டுவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆட்டோவில் பாதி வழி போனபிறகுதான் இவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும். "நல்லா இருங்கக்கா" என்று மட்டும் சொல்லி போனை வைத்தார். வைத்தபிறகு வெகுநேரம் மெஷினின் உறுமலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை காலையில் மகள் காரோடு வந்து இறங்கினாள். முற்றத்தில் பன்னிரண்டு கொடியிலும் ஆஸ்பத்திரிப் போர்வை தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து அவர் துணிகளைப் பைக்குள் அடுக்கினாள். அடுக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அன்றைக்கு ஒரே சட்டையை மூன்று தடவை பிரித்து மடித்தாள். அவர் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல இருந்தார்.

"இந்த டைரியும் வேணுமா?"

"அதெதுக்கு இனிமே. தூக்கிப் போடு."

தூக்கிப் போடுவதற்கு முன்னால் அவள் அதைத் திறந்தாள். ஒரு மாசமும் அவர் எழுதுவதைப் பார்த்தவள்தான், ஆனால் படித்ததில்லை. ஈரமில்லாத கை அவளுக்கு என்றைக்கு இருந்தது? இப்போது கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, உதட்டை அசைத்துக்கொண்டே படித்தாள். ரெண்டு இடத்தில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"என்னங்க, மூணாம் தேதி ஏன் ஒன்னுக்கும் கீழ போயிருக்கு?"

"காத்து இல்ல, போயிருக்கு."

"அன்னிக்கு ஆஸ்பத்திரிப் போர்வை." அவள் பக்கத்தைத் திருப்பினாள். "பத்தாம் தேதியும் ஒன்னுதான். அன்னிக்கும் போர்வை. பதினேழும் போர்வை."

"இருக்கட்டும்."

"பொறுங்க. ஆறாம் தேதி மூணு. அன்னிக்கு வெறும் தலகாணி உறைதான் வந்துச்சு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, கிளிப் பத்தாம அல்லாடினேன். எட்டாம் தேதி ஆறு. பதினஞ்சு ஆறரை. இருபத்திரெண்டு அஞ்சே முக்கால். எல்லாமே செவ்வாக்கிழமை."

செவ்வாய்க்கிழமை துணி வேனுக்கு லீவு. அன்றைக்கு மட்டும் முற்றத்தில் ஒரு துணி கிடையாது.

வாசலில் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்ற மகள் உள்ளே வந்தாள். "என்னம்மா படிச்சிட்டிருக்கீங்க? நேரமாகுது."

"பாப்பா, உங்கப்பா காத்துக் கணக்கு எழுதல. என் துணிக் கணக்க எழுதி வச்சிருக்கார்." அவள் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு வரிசைப் போர்வைக்கு நடுவில், தண்ணீரில் அமுங்கினவன் தலையைத் தூக்குவதுபோல அந்த மீட்டர் தெரிந்தது. "கவைக்கோல வச்சுத் தூக்கினா துணி சரியா அந்த உசரத்துக்குத்தான் வருது. வர்ற காத்தெல்லாம் போர்வை வாங்கிக்குது. பாவி, நானேதான் கட்டினேன் அங்க."

"இடத்தச் சொன்னது நான்" என்றார் மில்லுக்காரர்.

அவள் அதைக் கேட்க அங்கே இல்லை. முற்றத்துக்குப் போய், மேற்குப் பக்கத்து முதல் கொடியின் கவைக்கோலைத் தட்டிவிட்டு, சொட்டுகிற போர்வைகளை உருவித் தோளில் போட ஆரம்பித்தாள். மகள் கார் சாவியை ஜன்னலில் வைத்துவிட்டு, நல்ல புடவையோடு ரெண்டாவது கொடிக்குப் போனாள். மில்லுக்காரர் குழாயை இழுத்துக்கொண்டு தன் எல்லையில் வந்து நின்றார்.

"என்ன காட்டுது?" மனைவியின் குரல் போர்வைகளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"ஒன்னு புள்ளி ரெண்டு."

மூன்றாவது கொடி, நாலாவது கொடி.

"ரெண்டு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நல்லாத்தான் பாக்கறேன். ரெண்டு புள்ளி ஆறு. மூணு."

ஏழாவது கொடி இறங்கியபோது கிண்ணங்கள் தனித்தனியாகத் தெரியவில்லை. தாயும் மகளும் தலைமுதல் கால்வரை நனைந்து, ஈரப் போர்வைக் குவியலைக் கல்மேடையில் தள்ளிவிட்டு அடுத்த கொடிக்கு ஓடினார்கள். பன்னிரண்டாவது கொடியும் காலியானதும் முற்றம் மொட்டையாக நின்றது. இவ்வளவு நாளும் எங்கே ஒளிந்திருந்ததோ, காற்று நேராக அவர் நெஞ்சில் வந்து மோதியது.

"எவ்வளவுப்பா?" என்றாள் மகள்.

அவர் கையால் காட்டினார், ஒரு கையின் ஐந்து விரலும், மறு கையில் ஒரு விரலும்.

மறுநாளே மோட்டார் அக்கா நேரில் வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள்.

"தப்பு என்மேலதான் அண்ணே. ஒரு தரம் வந்து பாத்திருந்தா ஒரு மாசம் மிச்சம். பதினஞ்சு வருஷமா காயில் கட்டறேன், காத்துக்கு முன்னாடி போர்வை கட்டின வீட்ட இப்பதான் பாக்கறேன்."

முற்றத்தின் மேற்கு மூலையில் உயரமான குழாய் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் மீட்டரை மாட்டி, பத்து நாள் வைத்துப் பார்த்தாள். அந்தப் பத்து நாளும் மகள் லீவு போட்டுவிட்டு, வாடகைக்கு எடுத்த பெரிய சிலிண்டர் ரெண்டோடு அப்பா பக்கத்திலேயே இருந்தாள். சராசரி ஐந்தே முக்கால் வந்தது.

"இப்ப ஏழாம் பக்கம் பேசலாமா?" என்றார் மில்லுக்காரர்.

"பேசலாம். ஆனா அது உங்களுக்கு ஆகாது."

"ஏன்? அழகா இருக்கே."

"அழகுதான். ஆனா பெருங்காத்து அடிச்சா அது தறிகெட்டுச் சுத்தும். பிரேக் போட்டு நிறுத்தி வைக்கணும். உங்களுக்குக் கரண்ட் போறதே பெருங்காத்து அன்னிக்கு. அன்னிக்கு மெஷின நிறுத்தி வச்சிட்டு மத்த நாள்ல சுத்த விட்டு என்ன பிரயோஜனம்?" அவள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். பீப்பாயை நெட்டுக்கு அறுத்து, ரெண்டு பாதியையும் முதுகு மாற்றி ஒட்டவைத்த மாதிரி ஒன்று. "இது கரண்ட் கொஞ்சமாத்தான் குடுக்கும். வேகமும் எடுக்காது. ஆனா எந்தக் காத்துக்கும் நிறுத்த வேண்டாம். உங்க ஆக்சிஜன் மெஷின் நாலு ஃபேன் அளவுக்குத்தான் இழுக்குது. பேட்டரியோட சேத்து வச்சா எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஓட்டிடலாம்."

மில்லுக்காரர் அந்தப் படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். அழகு எந்தப் பக்கத்திலிருந்தும் கூடவில்லை.

"சரி. முப்பத்தோரு வருஷம் முன்னாடி என்னையும் ஒருத்தி இப்படித்தான் பாத்திருப்பா. இதையே நடுங்க."

"இன்னொண்ணு இருக்கு அண்ணி" என்று மோட்டார் அக்கா மனைவியின் பக்கம் திரும்பினாள். "கொடியெல்லாம் காத்துக்குக் குறுக்க இருக்கு. கம்பம் உசரம்தான், ஆனா கீழ பன்னெண்டு சுவர் நின்னா மேல போற காத்தும் கலங்கும். காத்து போற போக்குலயே கொடியத் திருப்பிக் கட்டினா நல்லது. என்ன, துணி காய நேரம் எடுக்கும்."

மில்லுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதெல்லாம் வேண்டாம். குறுக்க இருந்தாத்தான் நாலு மணி வண்டிக்குத் துணி தயாராகும். இருக்கற காத்து போதும்."

"எவ்வளவு நேரம் கூட ஆகும்?" என்று மனைவி கேட்டாள்.

"ஒரு மணி நேரம் ஆகலாம்."

"அப்ப ஒரு மணி நேரம் முன்னாடி எந்திரிக்கறேன்."

"உனக்கு இருக்கற வேலை போதாதா?" அவருக்குக் குரல் ஏறியது. ஏறினால் இருமல் வரும், வந்தது. இருமி முடிக்கும்வரை அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"துணி காயலைன்னா மறுநாள் காயப் போட்டுக்கலாம்ங்க" என்றாள் பிறகு.

அடுத்த ஞாயிறும் செவ்வாயும் அவளும், லீவை நீட்டிக்கொண்ட மகளுமாகச் சேர்ந்து கம்பங்களைப் பிடுங்கித் திருப்பி நட்டார்கள். வராந்தாவில் உட்கார்ந்து, கம்பம் நெட்டுக்குத்தாக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துச் சொல்வது அவர் பங்கு. மண்வெட்டியைத் தூக்கி வெட்டும் மனைவியின் தோளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊரில் எத்தனையோ பேருக்கு நோய் வருகிறது. அவர்களுக்கெல்லாம் இப்படி ஒருத்தி இருப்பாளா என்று நினைத்தபோது, தன் அதிர்ஷ்டம் அவருக்கே கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது.

பீப்பாய் மெஷின் கம்பத்தில் ஏறியது. பேட்டரிகள் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்தன. ரெண்டு நாள் கூட இருந்து பார்த்துவிட்டு மகள் புறப்பட்டாள். புறப்படும்போது சிலிண்டர் ரெண்டையும் அங்கேயே விட்டுப் போனாள். "இருக்கட்டும்பா. நம்பிக்கை இல்லாம இல்ல. எனக்காக இருக்கட்டும்."

அவள் போன நாலாம் நாள், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மில்லுக்காரர் கட்டிலில் சாய்ந்தார். வெளியே காற்று பலமாகத்தான் இருந்தது. எப்போது கண் அயர்ந்தார் என்று தெரியவில்லை. போன் பேசும் குரல் கேட்டு விழித்தார். மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அடங்கின குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்ல பாப்பா, தூங்கறார்... ஆமா, நல்லாத்தான் இருக்கார்... எழுப்பணுமா? வேண்டாம்."

அவள் போனை மடியில் வைத்தாள். அவள் வேலை நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. அதுவும் ரெண்டு கையும் சும்மா மடியில் கிடக்க.

"என்னாச்சு? ஏன் இங்க உக்காந்திருக்க? இஸ்திரி போடல?"

"எப்படிப் போடறது? கரண்ட் இல்ல."

அவர் தலையைத் திருப்பி மூலையைப் பார்த்தார். மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. ஃபேன் அசையாமல் நின்றது.

"எப்போ போச்சு?"

"நீங்க படுத்த கொஞ்ச நேரத்துல."

சுவர்க் கடிகாரம் நாலேகாலைக் காட்டியது. ரெண்டரை மணி நேரம். ரெண்டு வருஷமாக, பல்பு அணைவதற்கு முன்னால் அவர் நெஞ்சுக்குத் தெரிந்துவிடும். தூக்கத்திலும் மெஷின் நிற்கிற அந்த நொடியில் எழுந்து உட்கார்ந்து அவள் பெயரைக் கத்தியிருக்கிறார். இன்றைக்குத் தூங்கியிருக்கிறார். வாயைத் திறந்து குறட்டை விட்டிருந்தாலும் விட்டிருப்பார்.

"அவ என்ன கேட்டா?"

"அங்க கரண்ட் போயிருக்குமே, அப்பா என்ன பண்றாருன்னு கேட்டா. கரண்ட் போனது உங்கப்பாவுக்கே தெரியாதுன்னு சொன்னேன். அழறா."

"ரெண்டரை மணி நேரமும் இங்கயேவா உக்காந்திருந்த?"

"முதல்ல பயமாத்தான் இருந்துச்சு. எப்ப நிக்குமோ, எப்ப நிக்குமோன்னு அந்தப் பச்ச விளக்கையே பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் பயம் போயிடுச்சு."

"போனதும் எந்திரிச்சுப் போயிருக்கலாம்ல? ஊற வச்ச துணி கிடக்கும்."

"கிடக்கட்டும்" என்றாள். "நீங்க அசந்து தூங்கிப் பாத்து எவ்வளவு நாளாச்சு. பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

அவர் கையை நீட்டி அவள் கையைப் பிடித்தார். சோப்பிலும் தண்ணீரிலும் ஊறி ஊறி விரல் நுனிகள் சுருங்கிப்போன கை, அன்றைக்குக் காய்ந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவர் சொல்லியிராத ஒரு வார்த்தையைச் சொல்ல நினைத்தார். அது பேச்சில் வராத வார்த்தை, மேடையில் பேசுகிறவர்கள் சொல்கிற வார்த்தை. சொல்லிவிட்டார்.

"நன்றி."

"யாருக்கு? காத்துக்கா?"

"உனக்குத்தான்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். கையை மட்டும் உருவிக்கொள்ளவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் தூங்குங்க" என்றாள். "நான் இங்கதான் இருக்கேன்."